குலசேகரம்: இரண்டு ஆறுகளுக்கு நடுவே ஒரு மலையோர ஊர்

கன்னியாகுமரி மாவட்டத்தின் வடபகுதியில், மேற்குத் தொடர்ச்சி மலை சரிந்து தரையைத் தொடும் இடத்தில் இருக்கிறது குலசேகரம். ஊருக்கு மேற்கே கோதையாறு ஓடுகிறது, கிழக்கே பரளியாறு. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, திருவட்டாறு ஆகிய ஊர்களுக்கெல்லாம் சந்தையும் பேருந்து சந்திப்பும் இந்தப் பேரூர்தான். நிர்வாகக் கணக்கில் பல காலம் கல்குளம் வட்டத்தில் இருந்தது. இப்போது திருவட்டாறு வட்டத்தில் சேர்ந்திருக்கிறது. மாவட்டத்து மக்கள் இந்தப் பகுதியை 'மலையோரம்' என்பார்கள். இது மலையுச்சி ஊர் அல்ல, சமவெளி ஊரும் அல்ல. மலையில் விளைவது சந்தைக்கு இறங்கும் வழியிலும், மலையில் பெய்யும் மழை வயலுக்கு இறங்கும் வழியிலும் அமைந்த ஊர்.

நாஞ்சில் நாடு என்பது சரியாகச் சொன்னால் தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களைக் குறிக்கும் பெயர். குலசேகரம் அந்த எல்லைக்கு வெளியே, பழைய வேணாட்டு மண்ணில் இருக்கிறது. ஆனாலும் நாஞ்சில் நாட்டின் நெல்லுக்குத் தண்ணீர் குலசேகரத்தைச் சூழ்ந்த மலைகளிலிருந்துதான் போகிறது.

நிலமும் மழையும்

தமிழ்நாட்டின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கிறது. குமரி மாவட்டத்துக்கோ இரண்டு பருவமும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று அரபிக்கடலின் ஈரத்தை மலைச்சரிவில் கொட்டுகிறது; அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவம் பெய்கிறது. தென்மேற்குப் பருவத்துக்கு முன் கோடை மழையும் இடியோடு வந்து போகும். மாவட்டத்தின் தென்கிழக்கு மூலை காய்ந்து கிடக்கும் நாள்களிலும் மலையோரத்தில் மாலைமழை பெய்வது வழக்கம்.

இந்த மழைதான் இங்குள்ள காட்டை உண்டாக்கியது. மலையுச்சியை ஒட்டிய மடிப்புகளில் பசுமை மாறாச் சோலைகளும், கீழ்ச்சரிவுகளில் ஈட்டி, தேக்கு, மூங்கில் கலந்த காடும் வளர்ந்திருக்கின்றன. யானை, காட்டெருமை, வரையாடு, சோலைமந்தி ஆகியவை இங்கே வாழ்கின்றன. வீரப்புலி, கிளாமலை முதலிய காப்புக்காடுகளைச் சேர்த்து 2008இல் கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2001இல் உருவாக்கப்பட்டு 2016இல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலில் இடம்பெற்ற அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்திலும் இந்த மலைகள் அடங்கும்.

கோதையாறு பேச்சிப்பாறையைக் கடந்து, திற்பரப்பில் அகன்ற பாறைமேல் அருவியாக விழுந்து தெற்கே இறங்குகிறது. பரளியாறு பெருஞ்சாணி, பொன்மனை வழியாக வருகிறது. இரண்டும் திருவட்டாற்றுக்கு அருகில் மூவாற்றுமுகத்தில் கூடுகின்றன. அதன்பிறகு குழித்துறை வழியாகத் தாமிரபரணி என்ற பெயரில் ஓடித் தேங்காப்பட்டணத்தில் அரபிக்கடலைச் சேர்கிறது ஆறு. பொதிகையில் பிறந்து திருநெல்வேலி வழியாகக் கிழக்குக் கடலுக்குப் போகும் தாமிரபரணி வேறு. இது மேற்கே பாயும் தாமிரபரணி.

நிலத்தின் அமைப்பு குடியிருப்பின் அமைப்பையும் முடிவு செய்தது. நாஞ்சில் நாட்டில் வயல்களின் நடுவே தெருக்களாக வீடுகள் நெருங்கி நிற்கும். மலையோரத்தில் மேடும் பள்ளமும் மாறி மாறி வருவதால், பள்ளத்தில் 'ஏலா' எனப்படும் வயல்வெளி, மேட்டில் 'விளை' எனப்படும் தோட்டம், தோட்டத்துக்கு நடுவே தனி வீடு என்று குடியிருப்பு பரந்து கிடக்கிறது. ஒரு ஊர் எங்கே முடிந்து அடுத்த ஊர் எங்கே தொடங்குகிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. விளை, கோடு, பாறை, மலை என்று முடியும் ஊர்ப்பெயர்களே நில வரைபடம்போல் உதவுகின்றன.

கல்லில் எழுதிய பழமை

'குலசேகரப் பெருமாள்' வேணாட்டு, திருவிதாங்கூர் அரசர்கள் சூடிய பட்டம். ஊரின் பெயர் அந்த அரசமரபை நினைவூட்டுகிறது. சுற்றுவட்டாரத்தின் பழமை அந்தப் பட்டத்துக்கும் முந்தையது.

அதற்குச் சான்று திருநந்திக்கரைக் குடைவரை. ஒரே பாறையைக் குடைந்து தூண்களோடு மண்டபமும் கருவறையும் செய்திருக்கிறார்கள். சுவர்களில் ஒருகாலத்தில் வண்ண ஓவியங்கள் இருந்தன. இன்று கோடுகளும் மங்கிய நிறத்திட்டுகளுமே எஞ்சியிருக்கின்றன. நந்தி என்று முடியும் பெயருடைய சமண முனிவர் ஒருவரோடு இந்த இடத்துக்குத் தொடர்பு உண்டு என்றும், சமணப் பள்ளியாக இருந்து பின்னர் சிவன் கோயிலாயிற்று என்றும் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதே வட்டாரத்தில் உள்ள சிதறால் மலை, பழைய பெயரில் திருச்சாரணத்துமலை, தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கப்பட்ட சமணத் தலமாக இருந்து பகவதி கோயிலானது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், மலையோரப் பாதைகளில் சமணத் துறவியர் தங்கி வாழ்ந்த காலம் ஒன்று தெளிவாகத் தெரிகிறது.

திருநந்திக்கரையில் முதலாம் ராஜராஜனின் கல்வெட்டும் இருக்கிறது. முட்டம் என்ற ஊருக்கு மும்முடிச்சோழநல்லூர் என்று பெயரிட்டு, அரசன் பிறந்த ஐப்பசிச் சதயத்தில் விழா எடுப்பதற்காக அதைக் கோயிலுக்குக் கொடுத்த செய்தியை அது சொல்கிறது. தஞ்சையிலிருந்து இவ்வளவு தொலைவில், மலையடிவாரத்துக் குடைவரை ஒன்றில் சோழனின் பிறந்தநாள் கொண்டாடப்பட்டிருக்கிறது. படையெடுப்பும் கோயில் நிவந்தமும் சேர்ந்தே நடந்த காலத்தின் ஆவணம் அது.

தெற்கே திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில், நம்மாழ்வார் பாடிய மலைநாட்டுத் திருப்பதிகளில் ஒன்று. கிடந்த கோலத்தில் இருக்கும் பெருமாளை மூன்று வாசல்கள் வழியாகத் தரிசிக்க வேண்டும். ஆறு வட்டமிட்டு ஓடுவதால் வந்த பெயர் திருவட்டாறு. 418 ஆண்டுகளுக்குப் பிறகு 2022 ஜூலையில் இங்கே குடமுழுக்கு நடந்தபோது மாவட்டமே திரண்டு வந்தது.

அணைகளின் காலம்

தண்ணீரைத் திருப்பும் கலை இந்த வட்டாரத்தில் மிகப் பழையது. பொன்மனைக்கு அருகில் பரளியாற்றின் குறுக்கே உள்ள பாண்டியன் அணையிலிருந்து புறப்படுகிறது பாண்டியன் கால். மேற்கே அரபிக்கடலுக்குப் போகவேண்டிய நீரை, இடையிலுள்ள மேட்டைக் கடத்திக் கிழக்கே பழையாற்றுப் படுகையில் சேர்ப்பது இதன் வேலை. ஒரு ஆற்றுப்படுகையின் நீரை இன்னொரு படுகைக்குக் கொடுப்பதை இன்று நதிநீர் இணைப்பு என்கிறோம். அதை இயந்திரம் இல்லாத காலத்தில் மண்வெட்டியால் செய்து முடித்திருக்கிறார்கள்.

மழை பொய்த்த ஆண்டுகளில் அந்தக் கால்வாய் மட்டும் போதவில்லை. திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் ராமவர்மாவின் ஆட்சியில் 1897இல் பேச்சிப்பாறை அணை வேலை தொடங்கியது. பொறியாளர் ஹம்ப்ரி அலெக்சாண்டர் மிஞ்சின். மலேரியா மலிந்த காடு, ஆண்டில் பாதி நாள் மழை, பாதையில்லா மலை ஆகியவற்றுக்கு நடுவே வேலை நடந்து 1906இல் முடிந்தது. மிஞ்சின் இந்த மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டார். பேச்சிப்பாறையில் உள்ள அவர் கல்லறைக்கு உழவர்கள் இன்றும் மாலை போடுகிறார்கள். நூற்றாண்டு கடந்தும் ஒரு பொறியாளருக்கு நன்றி சொல்லும் வழக்கம் ஒரு சமூகத்தின் பெருந்தன்மைக்கு அடையாளம்.

பரளியாற்றில் பெருஞ்சாணி அணை நாட்டு விடுதலைக்குப் பின் 1950களின் தொடக்கத்தில் எழுந்தது. அதன்பின் சிற்றாறு ஒன்று, சிற்றாறு இரண்டு ஆகிய அணைகள் வந்தன. பேச்சிப்பாறைக்கு 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி, சிற்றாறு அணைகளுக்கு 18 அடி என்பது முழு நீர்மட்டம். மழைக்காலத்தில் குமரி மாவட்டத்து நாளிதழ் வாசகர்கள் முதலில் தேடுவது இந்த எண்களைத்தான்.

பேச்சிப்பாறையின் நீர் இடதுகரைக் கால்வாய் வழியாகப் பரளியாற்றை அடைகிறது. அங்கே புத்தன் அணையில் திருப்பப்பட்டுப் பத்மநாபபுரம் புத்தனாறு, தோவாளைக் கால்வாய், அனந்தனார் கால்வாய், நாஞ்சில் நாடு புத்தனாறு எனப் பிரிந்து வயல்களுக்குப் போகிறது. சுமார் 79 ஆயிரம் ஏக்கர் நிலம் இந்த அமைப்பை நம்பியிருக்கிறது. ஜூன் 1இல் மதகு திறந்து பிப்ரவரி 28இல் அடைப்பது வழக்கம். அதற்குள் இரண்டு நெற்பயிர்: கன்னி மாதத்தில் அறுவடையாகும் கன்னிப்பூ, கும்ப மாதத்தில் அறுவடையாகும் கும்பப்பூ. பயிரின் பெயரிலேயே பழைய கொல்லம் ஆண்டின் மாதங்கள் வாழ்கின்றன.

மேற்கே கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் மேட்டுநிலங்களுக்கு நீர் கொண்டுபோன வேலையின் உச்சம் மாத்தூர் தொட்டிப்பாலம். 115 அடி உயரம், 1,240 அடி நீளம், 28 தூண்கள். ஒரு மலையிலிருந்து எதிர் மலைக்கு, பரளியாற்றுப் பள்ளத்தின் மேலாகப் பட்டணங்கால்வாயைத் தாங்கிச் செல்கிறது. காமராசரின் முயற்சியால் உருவான இந்தப் பாலம் 1966இல் முடிந்தது. சுற்றுலாப் பயணிகள் அதன் உயரத்தைப் பார்க்க வருகிறார்கள். அது கட்டப்பட்டதோ வறண்ட விளைகளுக்குத் தண்ணீர் கொடுக்க.

பேச்சிப்பாறைக்கு மேலே கோதையாற்றில் 1970களின் தொடக்கத்திலிருந்து இரண்டு நீர்மின் நிலையங்கள் இயங்குகின்றன. ஒன்றின் திறன் 60 மெகாவாட், மற்றது 40 மெகாவாட். மேல் கோதையாற்றில் தேக்கிய நீர் குழாய்களில் இறங்கிச் சுழலியைச் சுற்றிவிட்டு, பிறகு பேச்சிப்பாறையில் சேர்கிறது. மலையில் விழுந்த ஒரு துளி முதலில் மின்சாரமும் பிறகு நெல்லும் தருகிறது.

ரப்பர் வந்த கதை

1876இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலின் அமேசான் காட்டிலிருந்து ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் மலாயாவுக்கும் போயின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூருக்கும் வந்தன. பெருமழை, வெப்பம், நீர் தேங்காத சரிவு நிலம் ஆகிய மூன்றும் குலசேகரம் வட்டாரத்தில் இருந்தன. ஐரோப்பியரின் எஸ்டேட்டுகளில் தொடங்கிய மரம், நாளடைவில் அரை ஏக்கர் விளைக்காரரின் நிலத்துக்கும் இறங்கியது.

அரசும் இதில் இறங்கியது. 1961 முதல் வனத்துறை நிலங்களில் ரப்பர் நடப்பட்டது. 1984இல் அந்தத் தோட்டங்களை நடத்த அரசு ரப்பர் கழகம் உருவானது. கீரிப்பாறை, மணலோடை, சிற்றாறு, மயிலார், கோதையாறு ஆகியவை அதன் தோட்டப் பகுதிகள். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழர் பலருக்கு இங்கே வேலையும் குடியிருப்பும் கிடைத்தன. கண்டிச் சீமையில் தேயிலை பறித்த குடும்பங்களின் பிள்ளைகள் குமரி மலையில் ரப்பர் பால் வெட்டத் தொடங்கினார்கள்.

பால்வெட்டு விடியலுக்கு முன்பே தொடங்கும் வேலை. மரத்துக்குள் அழுத்தம் மிகுந்திருக்கும் அதிகாலையில்தான் பால் நன்றாக ஓடும். பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவவேண்டும்; கத்தி சற்று ஆழமாகப் போனால் மரத்தில் காயம் பட்டு, அந்த இடத்தில் அடுத்த பட்டை சரியாக வளராது. சரிவாக வெட்டிய கோட்டில் ஒழுகும் பால் சிரட்டையில் சேரும். ஒரு தொழிலாளி ஒரே காலையில் சில நூறு மரங்களைச் சுற்றி வரவேண்டும். பிறகு பாலைச் சேகரித்து, தண்ணீர் கலந்து, தட்டில் ஊற்றி, ஃபார்மிக் அமிலம் சேர்த்து உறைய விடுவார்கள். உறைந்த கட்டியை உருளை இயந்திரத்தில் அழுத்தி ஷீட்டாக்கி, வெயிலில் காயவைத்துப் புகைக்கூட்டில் ஏற்றுவார்கள். சிரட்டையிலும் வெட்டுக்கோட்டிலும் காய்ந்து ஒட்டியிருப்பது ஒட்டுப்பால். அதற்கும் தனி விலை உண்டு. மழை பெய்யும் நாளில் வேலை இல்லை. வேலை இல்லாத நாளில் கூலியும் இல்லை. அதனால் வெட்டுக்கோட்டுக்கு மேல் பிளாஸ்டிக் பாவாடை கட்டி மழையிலும் வெட்ட வழி செய்தார்கள்.

குலசேகரம் சந்தையின் ஏற்ற இறக்கம் கேரளத்தின் கோட்டயத்து ரப்பர் விலையைப் பொறுத்தது. 2011இல் கிலோ 200 ரூபாயைத் தாண்டிய ஷீட் விலை, 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே விழுந்தது. வெட்டுக்கூலிகூடக் கட்டவில்லை என்று மரத்தைச் சும்மா விட்டவர்கள் உண்டு. 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயல் ஆயிரக்கணக்கான ரப்பர் மரங்களை முறித்துப் போட்டது. நட்ட கன்று பால் தர ஏழு ஆண்டுகள் ஆகும். அந்த ஏழு ஆண்டுகளும் ஊரின் கைப்பணத்தில் ஏற்பட்ட ஓட்டையாகவே இருந்தன.

ரப்பர் ஊரின் வீடுகளை ஓட்டிலிருந்து கான்கிரீட்டுக்கு மாற்றியது. பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பியது. அதே வேளையில் பலா, மிளகு, கமுகு, மா எல்லாம் கலந்து நின்ற பழைய விளைகளையும், பள்ளத்து ஏலாக்களையும் ஒற்றைப்பயிர் விழுங்கியது. இந்த மாற்றத்தின் உள்முகத்தை எழுதியது ஜெயமோகனின் முதல் நாவலான 'ரப்பர்' (1990). திருவட்டாறு வட்டார வாழ்க்கை அந்த நூலால் தமிழிலக்கியத்தில் நிலையான இடம் பெற்றது.

ரப்பர் தோட்டம் இன்னொன்றையும் தருகிறது: தேன். ஆண்டின் தொடக்கத்தில் இலையுதிர்ந்து புதுத்தளிர் விடும்போது இலைக்காம்பின் நுனியிலுள்ள சுரப்பிகளில் இனிப்பு நீர் கசியும். தேனீ எடுப்பது பூவிலிருந்து அல்ல, இந்தத் தளிரிலிருந்து. 1920களில் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திய ஒய்.எம்.சி.ஏ. கிராம மறுமலர்ச்சி மையம் பரப்பிய பெட்டித்தேனீ வளர்ப்பு, இன்று ரப்பர் தோட்டங்களை நம்பி நடக்கிறது. மார்த்தாண்டம் தேன், கன்னியாகுமரி மட்டி வாழைப்பழம், மாறாமலை போன்ற உயர்மலைத் தோட்டங்களில் விளையும் கன்னியாகுமரி கிராம்பு ஆகிய மூன்றும் புவிசார் குறியீடு பெற்றிருக்கின்றன.

மக்களும் வாழ்வும்

மலையின் முதல் குடிகள் காணிக்காரர்கள். பேச்சிப்பாறை நீர்த்தேக்கத்தைச் சுற்றியும் அதற்கு அப்பாலும் சிறுசிறு குடியிருப்புகளாக வாழ்கிறார்கள். குடியிருப்பின் தலைவர் மூட்டுக்காணி. மருந்தும் வழிபாடும் பிலாத்தியின் பொறுப்பு. நோய் நீக்கும் சடங்குகளில் கொக்கரை என்ற இரும்புக் கருவியை உரசி இரவெல்லாம் பாடுவார்கள். தமிழும் மலையாளமும் கலந்த தங்கள் பேச்சில் செடிகொடிகளின் பெயர்களையும் குணங்களையும் தலைமுறை தலைமுறையாகக் காத்திருக்கிறார்கள். மலையின் கேரளப் பக்கத்துக் காணிகள் அடையாளம் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்ற செடியிலிருந்து மருந்து செய்தபோது, அதன் வருவாயில் ஒரு பங்கு அந்த மக்களுக்கே தரப்பட்டது. பழங்குடி அறிவுக்கு உரிய மதிப்பு என்ன என்ற உலகளாவிய விவாதத்தில் அது முன்னுதாரணமாகப் பேசப்படுகிறது. ஆனாலும் அணைக்கு அப்பால் உள்ள சில காணிக் குடியிருப்புகளுக்குப் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போக இன்றும் படகுதான் வழி.

ஊரில் இந்து, கிறித்தவர், முஸ்லிம் மூவரும் அடுத்தடுத்த விளைகளில் வாழ்கிறார்கள். 1806இல் மயிலாடிக்கு வந்த மிஷனரி ரிங்கல்தௌபேயில் தொடங்கிய சீர்திருத்தத் திருச்சபைப் பணி மலையோரத்துக்கும் பள்ளிகளைக் கொண்டுவந்தது. பின்னாளில் குலசேகரத்திலேயே மருத்துவக் கல்லூரியும் ஹோமியோபதிக் கல்லூரியும் எழுந்தன. பேச்சிப்பாறையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது.

மகா சிவராத்திரிக்கு முன்தினம் தொடங்கும் சிவாலய ஓட்டம் இந்த வட்டாரத்தின் தனி வழிபாடு. முஞ்சிறை திருமலையில் தொடங்கித் திருநட்டாலத்தில் முடியும் பன்னிரண்டு சிவன் கோயில்களில் திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை மூன்றும் குலசேகரத்தைச் சுற்றியே இருக்கின்றன. காவி உடுத்து, கையில் பனையோலை விசிறியோடு, சிவன் கோயில்களுக்கு ஓடும் பக்தர்கள் எழுப்பும் முழக்கம் 'கோவிந்தா, கோபாலா'. சைவமும் வைணவமும் இங்கே ஒரே மூச்சில் ஓடுகின்றன. வழிநெடுக எல்லாச் சமயத்தாரும் மோரும் கஞ்சியும் கொடுத்து அவர்களை அனுப்பிவைப்பார்கள்.

மேசைக்கு வரும் உணவிலும் வரலாறு உண்டு. மரச்சீனி எனப்படும் மரவள்ளிக்கிழங்கும் மீன்கறியும் மலையோரத்தின் அன்றாடச் சாப்பாடு. தென் அமெரிக்காவில் பிறந்த அந்தக் கிழங்கு பஞ்ச காலத்தில் ஏழைக்கு உதவும் என்று திருவிதாங்கூரில் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள். அதோடு சக்கை எனப்படும் பலாப்பழமும், நல்லமிளகு போட்ட குழம்பும், மட்டிப்பழமும் சேரும். ஓணத்துக்கு மாவட்டம் விடுமுறை எடுக்கும். பொங்கலும் கிறிஸ்துமஸும் அதே உற்சாகத்தோடு நடக்கும். மலையாளச் சொற்கள் விரவிய தமிழை இங்கே பேசுகிறார்கள்.

அந்தத் தமிழுக்காக இந்த மக்கள் விலை கொடுத்தார்கள். திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து பிரிந்து தாய்த்தமிழகத்தோடு இணைய மார்ஷல் நேசமணி தலைமையில் நடந்த போராட்டத்தில், 1954 ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூடு நடந்து உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1இல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாயின. அந்த இணைப்போடுதான் பேச்சிப்பாறையும் பெருஞ்சாணியும் தமிழ்நாட்டின் அணைகளாயின.

மலையும் வயலும்

குலசேகரத்தின் வாழ்வு இரண்டு ஓட்டங்களில் நிற்கிறது. ஒன்று மரத்திலிருந்து ஒழுகும் பால். மற்றது மலையிலிருந்து இறங்கும் நீர். பாலின் விலையை வெளிச்சந்தை முடிவு செய்கிறது. ஊரால் அதை மாற்ற இயலாது. நீரின் நிலையோ காட்டைப் பொறுத்தது. காடு அடர்ந்திருந்தால் மழைநீரை மண் உறிஞ்சி வைத்துக் கோடையிலும் ஓடையில் விடும். காடு குறைந்து பாறை உடைபட்டால் அதே மழை வெள்ளமாக இறங்கி, மண்ணை அணையில் கொண்டுபோய்க் கொட்டும். படியும் மண் அணையின் கொள்ளளவைக் குறைக்கும். கும்பப்பூப் பயிரின் கடைசித் தண்ணீர் குறையும்.

ஆகவே மலையோரத்துக் காட்டைக் காப்பது வனத்துறையின் வேலை மட்டும் என்று தோவாளை வயல்காரரோ, நாகர்கோவில் நகரத்தாரோ ஒதுங்க முடியாது. காணிக்காரரின் காட்டறிவுக்கு மதிப்பும், பால்வெட்டுத் தொழிலாளிக்கு மழைநாளிலும் வயிறு காயாத கூலியும், கலப்புத் தோட்டத்துக்குத் திரும்பும் விளைக்காரருக்கு ஆதரவும் கிடைத்தால் மலை நிலைக்கும். பேச்சிப்பாறை மதகு திறக்கும் ஒவ்வொரு ஜூன் முதல் நாளும் நாஞ்சில் நாட்டின் சோற்றுப்பானைக்கு முதல் தண்ணீர் குலசேகரத்தின் மலையிலிருந்துதான் வருகிறது. அந்த மலையைக் காக்கும் கடமை அந்தச் சோற்றை உண்ணும் எல்லோருக்கும் உண்டு.